கைதட்ட வேண்டிய நேரம்

அன்பு மகள் செம்மொழிக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும், ராசம்மாள் அத்தையும், வைரக்கண்ணு சித்தப்பா வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அப்பா சுகம் என்று எழுதப் போனால் தை மாதத்திலிருந்து என் கை ஒரு நொடி நின்றுதான் எழுதும், இன்றைக்கு நிற்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அங்கே சுகமா என்று ஃபோனில் கேட்டால் எப்போதும் சூப்பர் என்கிறாய், அந்தச் சூப்பரை நான் நம்புவதில்லை. அண்ணாதுரை சார் மகள் படிப்புக்காக ஜெர்மனி கிளம்புகிறாள், உன் ஊருக்குப் பக்கத்து ஊர்தானாம், அவள் உன்னை நேரில் பார்த்துவிட்டு இளைத்திருக்கிறாயா இல்லையா என்று எனக்குச் சொல்லட்டும். சனிக்கிழமையே உன் கையில் சேர்த்துவிடுவதாகச் சொன்னாள், அவளிடம்தான் இந்தக் கடிதத்தையும் பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், கொஞ்சம் வடகம் எல்லாம் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாய் பாட்டிலை கவருக்குள் கவர் போட்டுச் சுற்றியிருக்கிறேன், மெத்தை மேல் வைத்துப் பிரிக்காதே, நீ செய்வாய்.

போன மாதம் ஒரு மெசேஜ் அனுப்பினாயே, அப்பாவுக்கு என் மேல கோபமாம்மா, ஃபோனைக் குடுத்தா பேசவே மாட்டேங்கறாங்க, பேசினாலும் வெடுக்குனு ஒரு வார்த்தை, நான் தையில ஊருக்கு வரலன்னுதானே என்று. அதற்கு நான் ஒரு இதயப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். ஃபோனில் சொல்லலாம் என்றால் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது. மெசேஜில் எழுதவும் அது அடங்காது. வர வேண்டாம், பரீட்சையை முடி என்று சொன்னதே நானும் அப்பாவும்தான், அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி வேண்டாம் என்று கையை ஆட்டினாரே, அதில் ஏது கோபம். கோபம் இல்லை செம்மொழி. கோபம் மாதிரி உன் காதில் விழுவதற்குக் காரணம் அவர் தலைக்குள் அடைப்பு வந்த இடம். தஞ்சாவூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுமையா என்று ஒரு பெண், கூத்தாநல்லூர்ப் பிள்ளை, உன்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். அப்பாவுக்கு வந்திருப்பது அஃபேசியா. நாம் பேசுவது எல்லாம் அவருக்கு விளங்குகிறது, தான் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிகிறது, ஆனால் அந்த வார்த்தையைத் தேடி எடுத்து வாய்க்கு உரிய நேரத்தில் அனுப்புகிற வேலை கெட்டுப்போயிருக்கிறது. நாம் ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் மூளை அடுத்ததைத் தயாராக எடுத்து வைத்துவிடுமாம், அதனால்தான் நமக்குப் பேச்சு தொடர்ந்து வருகிறது. அப்பாவுக்கு ஒவ்வொரு அசையையும் தனியாகக் கிளப்ப வேண்டியிருக்கிறது, ஆயில் இன்ஜினை ஒவ்வொரு சுற்றுக்கும் கைப்பிடி போட்டுக் கிளப்பினால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. சின்னதாகச் சொல்ல வேண்டியது இழுபடுகிறது, நடுவில் இடைவெளி விழுகிறது, வார்த்தை நீளமானால் இடைவெளியும் கூடிப்போகிறது. பேசும்போது குரல் ஏறி இறங்குமே, அதுவும் தட்டையாகிவிட்டது. சுமையா கம்ப்யூட்டரில் என் குரலையும் அவர் குரலையும் கோடாகப் போட்டுக் காட்டினாள். வாய்க்கால் என்று நான் சொன்னது ஒரே மூச்சில் ஓடியது, அவர் சொன்னது துண்டு துண்டாகத் தள்ளித் தள்ளி நின்றது. சாப்-பிட்-டியா என்று அவர் உன்னைக் கேட்டால் அதட்டுவது மாதிரி உன் காதில் விழுவது இதனால்தான். கேட்பவர் அதே அப்பாதான்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நாங்கள் திருந்தினோமா என்றால் இல்லை. அவர் வாயைத் திறந்தால் போதும், நான் ஒரு பக்கம் மோரா என்பேன், அத்தை மாத்திரையா என்பாள், சித்தப்பா வந்திருந்தால் ஃபேனைக் கூட்டி வைக்கவாண்ணே என்று எழுந்துவிடுவார், டிவியில் வினாடி வினா நடக்கிற மாதிரி போட்டி. எல்லாம் பிரியத்தில் செய்வதுதான், அவர் கஷ்டப்படக் கூடாதே என்று. அவர் கடைசியில் கையை உதறிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். அங்கே ஆடு கீரைப் பாத்தியில் வாய் வைத்திருந்தால் மட்டும், போ சனியனே, எங்க வந்து மேயுற என்று ஒரு தடங்கல் இல்லாமல் வரும். திட்டு, வணக்கம், ஒன்று இரண்டு எண்ணுவது, இதெல்லாம் பழகிப் பழகி முழுசாக ஒரே கட்டாக உள்ளே கிடக்குமாம், அவை தப்பித்து வந்துவிடும் என்றாள் சுமையா. அத்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. ஏண்டா தம்பி, ஆட்டுக்கு ஒரு குறையும் வைக்கல, கூடப் பொறந்தவகிட்ட பேசறப்பதான் வாய் வலிக்குதா என்று ஒரு நாள் நேரடியாகவே கேட்டுவிட்டாள். அப்பா அவளையே பார்த்தார். அப்புறம் நிதானமாக, ஆ-டு... குறுக்-க... பே-சா-து என்றார். அத்தைக்கு முதலில் முகம் சுருங்கியது, பிறகு சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் கொஞ்சம் அடங்கினாள். நான்தான் அடங்கவில்லை.

இப்படி நாங்கள் குறுக்கே பேசியதில் வந்த வினை ஒன்று இருக்கிறது, உன்னிடம் அப்போது சொல்லவில்லை. கோடையில் நம் நாவலடி வாய்க்கால் ரோட்டைக் கடக்கிற இடத்தில் பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதுசு கட்டினார்கள். அடித்தளத்துக்குக் கான்கிரீட் கொட்டுகிற நாளில் அப்பா கம்பை ஊன்றி நடைப்பயிற்சிக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார், கூட சித்தப்பா. அப்பா கம்பை நீட்டிக் காட்டி என்னவோ சொல்லத் தொடங்கினார், முதல் வார்த்தை வருவதற்குள் சித்தப்பா, பாலம் அம்சமா இருக்குன்னு சொல்றாங்க அண்ணன் என்று முடித்துவிட்டார், மேஸ்திரியும் வணக்கம் போட்டுவிட்டுக் கலவையைக் கொட்டினார். அப்பா தரையில் கம்பால் ஓங்கி அடித்திருக்கிறார், வெயிலில் நின்றது ஆகவில்லை என்று சித்தப்பா கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். இங்கே வந்து வாயாலும் கையாலும் அவர் சொல்லச் சொல்ல, எனக்கு விளங்கியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பாலத்தின் தரை வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயரத்தில் நிற்கிறது. சித்தப்பா ஓடினார், அதற்குள் கான்கிரீட் இறுகிவிட்டது. மனு எழுதிக் கொடுத்தோம், மேட்டூர் திறந்ததும் தண்ணீர் படிப்படியாக வந்து சேரும் என்று பதில் வந்தது. மேட்டூரும் திறந்தார்கள். பாலத்துக்கு மேற்கே கெண்டைக்காலளவு தண்ணீர் தேங்கி நிற்கிறது, கிழக்கே கடைமடையில் நம் பக்கம் நண்டு ஊர்கிற ஈரம். சம்பாவுக்கு நாற்றங்கால் போட வேண்டிய நேரம், நம் தெருவில் எல்லோருக்கும் அந்த ஒரு வாய்க்கால்தான். கூலிக்கு இறங்கிய வயலைச் சொந்தமாக வாங்கியவர்கள் இருக்கிற தெரு, தண்ணீர் இல்லை என்று தரிசு போட யாருக்கு மனசு வரும் சொல்.

சரி, விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பேசிவிடுவது என்று ஆனியில் தஞ்சாவூருக்குப் போனோம். அந்தக் கூட்டத்தில் அப்பாவின் பேச்சு உனக்குத் தெரியும், பச்சைத் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு எழுந்தால் அதிகாரிகள் பேனா மூடியைத் திறப்பார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு, ஒருவர் பேசி நிறுத்தினால் கைதட்டிவிட்டு மைக்கை அடுத்தவர் கைக்கு மாற்றிவிடுவார்கள், நிறையப் பேர் காத்திருப்பார்கள் இல்லையா. அப்பா எழுந்து பெயரைச் சொன்னார், நாவலடி வாய்க்கால் என்றார், அடுத்த வார்த்தைக்கு நின்றார். அவ்வளவுதான், முடித்துவிட்டார் என்று நினைத்துப் படபடவென்று தட்டினார்கள். உடம்பு முடியாமல் வந்திருக்கிறாரே என்று கொஞ்சம் கூடுதலாகவே தட்டினார்கள். மைக் பின்வரிசைக்குப் போய்விட்டது, வாங்கியவர் பயிர்க் காப்பீடு பற்றி ஆரம்பித்துவிட்டார். அப்பா உட்கார்ந்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டார். அடுத்து வந்த நாட்களில் ஆட்டைக்கூடத் திட்டவில்லை. அது பாத்தியை மொட்டையடித்துவிட்டுப் போனது, பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த வாரத்தில்தான் உன் மெசேஜ் வந்தது. இதை வைத்துக்கொண்டு நான் உனக்கு என்ன பதில் எழுதுவேன்.

சுமையாவிடம் போய் அழுதேன். அவள் அழ விடவில்லை. அவருக்குப் பேச்சு போகலக்கா, நேரம்தான் மாறியிருக்கு, அந்த நேரத்தை அவங்களுக்குப் புரியவைக்கணும் என்றாள். இடது கையால் மேஜையில் தட்டி, ஒரு தட்டுக்கு ஒரு அசை என்று பழக்கினாள், அந்தத் தட்டுதான் அவருக்கு அடுத்த அசையை இழுத்துக் கொடுக்கிறது. நீளமான வாக்கியம் வேண்டாம் சார், நாலு வார்த்தையில உங்க வாய்க்காலச் சொல்லுங்க என்றாள். எனக்கும் தனியாகப் பாடம் நடத்தினாள். அவர் முழிக்கறப்ப உங்க உதடு அசையுதுக்கா, பரீட்சை ஹால்ல பக்கத்துப் பொண்ணுக்கு விடை சொல்றவங்க மாதிரி இருக்கீங்க, தெரிஞ்சாலும் சொல்லாதீங்க, வேற எங்கயும் பாக்காம அவரையே பாருங்க, காத்திருக்கோம்னு அவருக்குத் தெரியணும் என்றாள். காலேஜில் படித்தவள், எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன், வாயை மூடிக்கொண்டு இருப்பதுபோலக் கஷ்டமான பரீட்சை ஒன்று இல்லை. ஆனால் அப்பா தட்டத் தட்ட உற்சாகமாகிவிட்டார். தண்ணீர் குறைந்தால் வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத் திறப்பார்களே, அதை நினைத்து, என் பேச்-சுக்-கும்... மு-றை... வச்-சுட்-டாங்-க என்றார். சுமையா எழுந்து நின்று சிரித்தாள். அடுத்த கூட்டம் நெருங்கியபோது சித்தப்பா, நான் பேசிடறேண்ணே, நீங்க பக்கத்துல நின்னா போதும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். நீ... மேட்-டூ-ரைத்... திட்-டு-வ. பா-லத்-தை... விட்-டு-டு-வ.

ஒரு சிக்கல் மட்டும் கடைசி நேரத்தில்தான் உறைத்தது. அப்பாவுக்கு வலது கை இன்னும் பிடிக்காது. இடது கையில் மைக்கைப் பிடித்தால் எந்தக் கையால் தட்டுவார். யாராவது பிடிக்க வேண்டும், சித்தப்பா பிடித்தால் பேசிவிடுவார், அது எல்லோருக்கும் தெரியும், அவருக்கே தெரியும். அப்பா என்னைக் காட்டினார். ஆனியில் கைதட்டு விழுந்தது போல மறுபடி விழுந்தால் இந்த மனுஷன் மறுபடி எழுந்திருப்பாரா என்பதுதான் என் பயம். தண்ணீர் இன்று இல்லாவிட்டால் நாளை வரும், அவர் இந்தத் தடவை வாயை மூடினால் மூடியதுதான் என்று எனக்குத் தோன்றியது. போன வெள்ளிக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டை, பச்சைத் துண்டு, நான் உன் மயில்கழுத்துக் கலர் புடவை, கிளம்பினோம்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மேஜை உள்ள இடமாகப் பார்த்து அவரை உட்காரவைத்து, மைக்கை வாங்கி அவர் வாய்க்கு நேரே பிடித்தேன். மேஜையில் தட்டினார், அந்தச் சத்தம் மைக்கில் ஏறி ஹால் முழுக்க டொக் டொக் என்று கேட்டது, பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். வணக்கம் என்றார், அது சுத்தமாக வந்தது. நா-வ-ல-டி... வாய்க்-கால் என்றார். நின்றார். பின்வரிசையில் எவரோ தட்டினார், அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர், கூட்டம் நடத்துகிறவர் நன்றிங்கய்யா, அடுத்து என்று சொல்லிவிட்டார், மைக்கை வாங்க ஒரு கை என் பக்கம் நீண்டது. அப்பா இடது கையை விரித்துத் தூக்கினார், ஒரு தடங்கல் இல்லாமல், ஏய் இருய்யா, எங்க வந்து மேயுற என்று ஆட்டுக்குச் சொல்வது அப்படியே வந்து விழுந்தது! மைக்கில்! ஒரு நொடி ஹால் திகைத்து அடுத்த நொடி இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது, நீண்ட கையும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டது, அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. கலெக்டர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கட்டும், யாரும் தட்டாதீங்க என்றார். அதற்கப்புறம் ஃபேன் சத்தமும் அப்பாவின் தட்டும்தான். பா-லம்... பு-துசு. தண்-ணி... ஏ-ற-ல. அடுத்து தரைமட்டம் என்கிற வார்த்தை. வீட்டிலும் அதில்தான் தடுக்கி விழுவார். தரை என்றார், நின்றார். மறுபடி தட்டினார். தரை. அந்த வார்த்தை என் நாக்கு நுனியில் நிற்கிறது செம்மொழி, மைக் என் கையில் இருக்கிறது, வாயைத் திறந்தால் நொடியில் முடிந்துவிடும். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நீயாவது சொல்லேன் அம்மா என்று. நான் அவரை மட்டும் பார்த்தேன். உதட்டைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, மைக் பிடித்த தோள்பட்டை இற்றுப்போனது. டொக், டொக். தரை... மட்-டம்... ஏ-றிப்... போச்-சு. ஒ-ரு... சாண்... உடைச்-சா... போ-தும். தண்-ணி... வ-ரும். சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு சத்தம் இல்லை. முடித்தாரா இல்லை இன்னும் இருக்கிறதா என்று எவருக்கும் தெரியவில்லை, பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா ஹாலை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, இப்-பத்... தட்-டுங்-க என்றார்.

தட்டினார்கள் பார், எனக்கு எழுதும்போதே சிலிர்க்கிறது. எழுந்து நின்று தட்டினார்கள். பின்வரிசையில் முதலில் தட்டிய மனிதர், மருதையன் என்று மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவராம், ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார், அண்ணே, மன்னிச்சுக்கங்க, ஆனா என்ன மேய வந்த ஆடாக்கிட்டீங்களே என்றார். பொறியாளர் அங்கேயே எழுந்து, மட்டம் பார்த்துவிடுகிறோம் என்றார், சொன்னபடி சாயங்காலமே கருவியோடு வந்து வைத்துப் பார்த்தார், அப்பா சொன்ன அதே ஒரு சாண். திங்கட்கிழமை உடைத்தார்கள். தண்ணீர் முதலில் குப்பையும் சருகுமாகத் தள்ளிக்கொண்டு வந்தது, அப்புறம் தெளிந்து வந்தது. தெருவில் எல்லோரும் வாய்க்கால் கரையில்தான். சித்தப்பா வேட்டியோடு உள்ளே இறங்கிவிட்டார். அத்தை ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள், அது பார்க்கட்டும் என்று. ஆடிப்பெருக்குக்குள் நம் மடையில் தண்ணீர் என்று யார் நினைத்தோம். நேற்று நாற்றங்கால் உழுது விதை தெளித்தாகிவிட்டது. அப்பாவுக்கு இன்னும் எல்லா வார்த்தையும் வரவில்லை, வரும் வார்த்தையும் பழைய வேகத்தில் வராது, முழுசாகப் பழைய மாதிரி ஆகாமலும் போகலாம் என்று சுமையா மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் இப்போது டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால் பெஞ்சில் இருக்கிறவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள், போன வாரம்வரை வார்த்தை எடுத்துக் கொடுத்த அதே ஆட்கள்.

நீ நன்றாகச் சாப்பிடு, பிரெட்டையே தின்று நாளைக் கழிக்காதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. இருட்டியபின் சைக்கிளில் வராதே என்று சொன்னால் கேட்க மாட்டாய், விளக்காவது போட்டுக்கொண்டு வா. உன் உடம்பும் படிப்பும் நல்லபடி இருக்க வேண்டும், நினைத்தது கைகூட வேண்டும், அப்பா அம்மாவின் மனசு முழுக்க உன்னோடுதான் இருக்கிறது. ஒன்றே ஒன்று மட்டும் மறந்துவிடாதே. தண்ணீர் வந்ததை உன்னிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று அப்பா யாரையும் சொல்லவிடாமல் வைத்திருக்கிறார், வீடியோ அனுப்பப் போன சித்தப்பாவின் ஃபோனையே பிடுங்கிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே, தெரியாத மாதிரியே கேட்டுக்கொள். உன் பெயரில்தான் ஆரம்பிப்பார், இரண்டு நாளாக மேஜையில் தட்டி அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறார். நடுவில் சத்தம் வராது. நீ வழக்கம்போல, ஹலோ, ஹலோ, அப்பா கேக்குதா, சிக்னல் இல்லையா என்று கத்திவிட்டு வைத்துவிடாதே. கொஞ்சம் காதைக் கூர்ந்து வைத்தால் டொக் டொக் என்று கேட்கும். லைன் கட்டாகவில்லை என்று அர்த்தம், அப்பா வந்துகொண்டிருக்கிறார்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா
நெ. பூங்கோதை